கயிற்றுத் தடம் பதிந்த நாற்காலி

செந்தில், கவிதாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படி. போனில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். போனில் நீ எப்போதும் வண்டியில் இருக்கிறாய், இல்லையென்றால் மீட்டிங்கில் இருக்கிறாய். நான் வாயைத் திறக்கும் முன்பே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்கிறாய். என் நாற்காலி பின்னி முடிந்ததா என்று. முடிந்துவிட்டது. ஆனால் அது இப்போது நம் வீட்டில் இல்லை. உன்னைக் கேட்காமல் மலைக்கு அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன், இப்போது நீ என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். விரலை மடக்கினால் வலிக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததுதான், கவிதாவுக்காகச் சொல்கிறேன். உன் அப்பாவும் நானும் கள்ளக்குறிச்சியில் பழைய நாற்காலிகளைப் பழுது பார்த்தே குடித்தனம் நடத்தினோம். மரமும் பாலிஷும் அவர் பாடு, பிரம்பு என் பாடு. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக்காரர் வீடுகளிலிருந்து பர்மா தேக்கில் செய்த சாப்பாட்டு நாற்காலிகள் வரும். தாலுகா கச்சேரி மாதிரி அரசாங்க ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கனமான நாற்காலிகள் வரும், வட்ட முதுகும் அகலமான கையுமாக, குமாஸ்தாக்களின் முழங்கை தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று. புதுச்சேரி வியாபாரிகள் கொடுத்தனுப்புவது மெல்லிய சாதி. கட்டையை ஆவியில் வேகவைத்து வளைத்துச் செய்தது, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். எந்த நாற்காலி வந்தாலும் உன் அப்பா முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். மேலே யார் வேண்டுமானாலும் மெருகு ஏற்றலாம், அடியில் யாரும் பொய் வேலை செய்வதில்லை என்பார். கையால் இழைத்த உளி வரி, சட்டம் காலுக்குள் நுழையும் இடத்தில் அடித்த மர ஆணி, அந்த ஆணியின் தலை நாளடைவில் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருப்பது, இதையெல்லாம் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் நிமிர்த்துவார். உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்த மனுஷன் அவர்கள் வீட்டு சோபாவைக் கவிழ்த்துவிடுவாரோ என்று நான் பயந்தது எனக்குத்தான் தெரியும்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு நாற்காலியைத் தவிர வேறொன்றும் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெரிய வீட்டில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள். எட்டு சாப்பாட்டு நாற்காலி, அதில் இரண்டுக்கு மட்டும் கை வைத்திருந்தது. கை வைத்தது யாருக்கு என்று சண்டை. பத்திரம் எழுத வந்தவர்கள் திரும்பிப் போகும் அளவுக்குச் சண்டை. கடைசியில் உன் அப்பாவைக் கூப்பிட்டு, அந்த இரண்டின் கையையும் அறுத்துவிடு, எல்லாம் ஒன்றாகிவிடும் என்றார்கள். அவர் மறுத்துப் பார்த்தார். நீ அறுக்காவிட்டால் வேறு ஆள் அறுப்பான் என்றார்கள். வேறு ஆள் அறுத்தால் காலும் சேர்ந்து ஆடும் என்று அவரே அறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நீயும் கவிதாவும் சண்டை போடுங்கள், போடாத வீடு கிடையாது. ஆனால் ஆளுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று இருப்பதை அறுத்துக் குறைக்காதீர்கள். யாராவது ஒருவர் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இனி உன் நாற்காலிக்கு வருகிறேன். சிநேகிதர்களோடு கரியாலூருக்கு அருவி பார்க்கப் போன இடத்தில், பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஏழுமலை என்ற பையனிடம் பேச்சுக் கொடுத்து, அவன் வீட்டில் கிடப்பதாகச் சொன்ன சாய்வு நாற்காலியை விலை பேசி வாங்கி, வண்டி வைத்து நம் பட்டறைக்கு அனுப்பினாய். எங்களிடம் நீ கேட்ட கல்யாணப் பரிசு இது ஒன்றுதான். பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டு நல்ல பிரம்பாகப் பின்னிக் கொடுங்கள், அடிபட்ட இடத்தையெல்லாம் அடைத்துப் பாலிஷ் போட்டுக் கொடுங்கள், வரவேற்பு மேடையிலும் போட்டுக்கொள்ளலாம், அப்புறம் புது வீட்டு பால்கனியில் போட்டுக்கொள்ளலாம் என்றாய். மேடையில் அதைப் போட்டால் மாப்பிள்ளை படுத்துக்கொண்டே மொய் வாங்குகிறான் என்று ஊர் சிரிக்கும் என்று அப்பா சொன்னார். சொன்னாரே தவிர, நாற்காலியைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகம் மாறிவிட்டது. தலைமாட்டிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே சரிவாக இறங்கும் இரண்டு நீளச் சட்டம். பின்கால் இரண்டும் ஒரே கட்டையில் வளைவாக அறுத்தது, ஒட்டு கிடையாது. கைக்கு அடியில் மறைந்திருக்கும் பலகையைத் திருப்பி வெளியே இழுத்தால் காலைத் தூக்கி அதன்மேல் நீட்டிக்கொள்ளலாம். காட்டிலாகா பங்களாவில் வெள்ளைக்காரன் பூட்ஸோடு காலை நீட்டிக்கொண்டு கிடந்த சாதி. அசல் தேக்கு. ஒரு இடத்தில்கூட ஆடவில்லை.

கயிற்றை அவிழ்த்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. பொதுவாக ஒரு நாற்காலியை ஒரு ஆள் பின்னியிருப்பார். இதில் தேங்காய் நார், கற்றாழை நார், நீல நைலான், ஒரு இடத்தில் முறுக்கிய சேலைத் துணி, ஆளாளுக்கு ஒரு முடிச்சு. கைக்குக் கீழே இரு பக்கச் சட்டத்திலும் கட்டைவிரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கயிறு உரசி உரசி, வழவழவென்று தேய்ந்த பள்ளம். மாடு கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்றார் அப்பா. ஐந்தாறு இடத்தில் அப்படி. மரத்தூளையும் அரக்கையும் குழைத்து மக்கு செய்து எல்லாவற்றையும் அடைத்தார். அடைத்த இடம் தெரியாதபடி பாலிஷ் போட்டார். கண் மங்கிப் போன பிறகும் அவர் கை அப்படித்தான் இருக்கிறது. நான் பிரம்பை ஊறவைத்து நெடுக்கில் ஓட்டி, குறுக்கில் ஓட்டி, மூலைவாட்டில் கோத்து, தேன்கூட்டுக் கண் விழுகிற மாதிரி பாதி வரைக்கும் பின்னிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. கல்யாண வேலை, பத்திரிகை வைக்கிற அலைச்சல், முட்டி வலி எல்லாவற்றுக்கும் நடுவில் அதைப் பார்த்தால் மட்டும் மனசுக்கு நன்றாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். ஏழுமலையின் அம்மா, பெயர் சின்னப்பொண்ணு. என் வயதுதான் இருக்கும். பஸ் மாறி மாறி, கையில் ஒரு பை சாமையோடு வந்திருந்தாள். பேசுவதற்கு முன்னால் நாற்காலியைப் பார்த்துவிட்டாள். கிட்டே போய் சட்டத்துக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினாள். பள்ளம் இருந்த இடத்தைத் தேடுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"இங்க கயிறு ஒக்கார்ற எடம் ஒண்ணு இருந்திச்சே" என்றாள்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் குடியிருப்பு கரியாலூருக்கும் அந்தப் பக்கம், வண்டி போகும் சாலை முடிந்து ஓடை தாண்டி ஏற வேண்டும். ஏழுமலையின் தாத்தா பங்களாவில் காவல் இருந்தவர். பங்களா இடிந்து விழுந்தபோது நாற்காலி அவர் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், பிரசவ வலி எடுத்தால், பாம்பு கடித்தால், நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, அதில் சாய்த்து, நாலு பேர் தோளில் வைத்துச் சாலைக்கு இறக்குவார்கள். ஆம்புலன்ஸ் சாலை வரைக்கும்தான் வரும். செத்தவர்களை அதில் ஏற்றுவதில்லை, உயிரோடு போகிறவர்களுக்குத்தான். சாலை போடுகிறோம் என்று ஜல்லி கொட்டியதைப் பார்த்துவிட்டு, இனிமேல் இது எதற்கு என்று பையன் விற்றுவிட்டான். மழை வந்தது, ஜல்லி ஓடையோடு போய்விட்டது. மருமகளுக்கு இது நிறைமாதம்.

"அது எங்க வூட்டு நாற்காலி இல்லீங்க. எங்க வூட்ல இருந்திச்சி, அவ்ளோதான். ஊருக்கே அதான் வண்டி. எம்புள்ள வித்தது தப்புதான், ஒங்க புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. புள்ளத்தாச்சிய போர்வையில கட்டித் தூக்கினு எறங்க பயமா இருக்குதுங்க. பொறப்பு முடியற வரிக்கும் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள்.

சோறு போட்டேன், சாப்பிட்டாள், கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் உன் பக்கம், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "புள்ள திருடினு வரல, காசு குடுத்து வாங்கிகிறான். அவன் பொருள நாம எப்டி எடுத்துக் குடுக்கறது? போன் போட்டுக் கேளு" என்றார். நியாயம்தான். போனைக் கையில் எடுத்தேன், எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

"அவன் வேணான்னு சொல்லிடுவானோன்னு பயந்துக்கினுதான் நீங்களும் கேக்கல, நானும் கேக்கல" என்றேன்.

உன்னைப் பற்றி நாங்கள் அப்படி நினைத்தது உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நீ கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் ஆசைப்பட்ட பொருளை விட்டுக்கொடுக்கச் சொல்லி உன்னிடம் நாங்கள் இதுவரை கேட்டதே இல்லை. ஒரே பிள்ளை என்று கேட்டதையெல்லாம் கொடுத்தோம். கேட்டுப் பார்க்காத பிள்ளை என்ன சொல்வான் என்று எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் பார்க்கிறேன், உன் அப்பா நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சின்ன உளியால் மக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அடைத்து மறைத்த மக்கு அத்தனையும் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. பள்ளம் இல்லாத பாலிஷ் வழவழப்பில் கயிறு கட்டினால் மூங்கில் நழுவும், ஆளோடு சாயும் என்பது ராத்திரியெல்லாம் அவர் மண்டையில் ஓடியிருக்கிறது. நான் கேட்காமலே சொன்னார்.

"இத்தினி வருசம் பள்ளத்தப் பாத்தா அடைக்கத்தான் கை போவுது. எதுக்கு விழுந்ததுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

நானும் பின்னியிருந்த பிரம்பை அறுத்தேன். பிரம்பு வீட்டுக்குள் போட்டுச் சாய்வதற்கு நல்லது. மழையில் நனைந்தால் தொய்யும், மேடு பள்ளத்தில் குலுக்கினால் கண் விட்டுப்போகும். கட்டில் நாடா வாங்கி வந்து இரட்டையாகப் போட்டு இழுத்துப் பின்னினேன். விரல் வீக்கம் இன்னும் வடியவில்லை. பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருந்தது. உனக்கு நிச்சயம் பிடிக்காது.

சின்னப்பொண்ணு கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குத் தகவல் சொல்லிவிட்டு, குட்டி யானை வண்டி ஒன்று பேசி நாற்காலியை ஏற்றிக்கொண்டு நானே போனேன். அப்பாவுக்குக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் தலை சுற்றும் என்பதால் வரவில்லை. சாலை முடிந்த இடத்தில் ஏழுமலையும் சின்னப்பொண்ணும் இன்னும் சிலரும் மூங்கிலோடு நின்றிருந்தார்கள். ஏழுமலை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒப்படைத்துவிட்டு அதே வண்டியில் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். சின்னப்பொண்ணு விடவில்லை, வீடு வரைக்கும் வந்துதான் ஆக வேண்டும் என்றாள். ஓடையைத் தாண்டி நாலடி ஏறியதுமே முட்டி மடங்கவில்லை, அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியைக் கீழே வைத்து, ஏறி உட்காருங்கள் என்றார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

எத்தனை நாற்காலிக்குப் பின்னியிருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. ஒன்றிலும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. எல்லாம் அடுத்தவர் பொருள், இழுவை சரியாக இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்ப்பதோடு சரி. நான் பின்னியதன்மேல் நான் முழுசாகச் சாய்ந்தது அன்றைக்குத்தான். ஏறும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்று திருப்பிப் பிடித்துத் தூக்குகிறார்கள், அதனால் போகிற வழி தெரியாது, வந்த வழிதான் தெரியும். மூங்கில் கிரீச்சிட்டது. நாடா தொய்யவில்லை. கயிறு அந்தப் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தூக்குகிறவர்கள் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்கு அழுகை வந்தது. வலியா, வெட்கமா, இல்லை இத்தனை வருஷத்து அசதியா என்று சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

மேலே போனதும் மருமகள் மல்லிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒல்லியான பெண், வயிறு மட்டும்தான் தெரிகிறது. கவிதாவைவிட நாலைந்து வயது சின்னவள். நான் கிளம்பும்போது சின்னப்பொண்ணு மறுபடியும் அதையே சொன்னாள். பொறப்பு முடிந்ததும் அவர்களே இறக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம். பையன் காசு வாங்கிவிட்டான், வாங்கியது வாங்கியதுதான், ஊருக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்வார்களாம். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் பொருளை உன் பெயரில் தானம் பண்ண எனக்கு உரிமை கிடையாது. கல்யாணமாகித் தனி வீடு போகிறவனுக்கு எல்லாவற்றையும் அம்மாவே முடிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தால் அவன் எப்போது முடிவு செய்யப் பழகுவான்?

நேற்று ஏழுமலை போன் செய்தான். நாலு நாளைக்கு முன்னால் விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது, நல்ல மழை. நாற்காலியில்தான் இறக்கினார்களாம். ஓடையில் இடுப்பளவு தண்ணீர், தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டினார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தேன். அப்பா பட்டறையில் உட்கார்ந்துகொண்டு எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தார், வெறும் கட்டையை. அப்புறம் ஏழுமலை தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை இறக்கிக் கொண்டுவருகிறார்களாம். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரை இறக்கினார்களோ அவர்கள் வீட்டார் அந்த நாற்காலிக்கு இலுப்பை எண்ணெய் தேய்த்து, அடுத்த ஆளுக்குத் தயாராக உத்தரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். எண்ணெய் தேய்த்தால் மிச்சமிருக்கும் பாலிஷும் போய்விடும், அப்புறம் அது உன் பால்கனிக்கு ஆகாது, அந்த ஊருக்குத்தான் ஆகும், அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"எண்ண தேய்க்கலாங்களா, வேணாங்களா? சார கேட்டு சொல்லுங்கம்மா. குழந்தைய வூட்டுக்குத் தூக்கினு வந்துட்டோம், இன்னும் தேய்க்காம வெச்சிக்கினு இருக்கறோம்" என்றான்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் நம்பர் உன்னிடம் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன் செந்தில், எனக்கு அலுத்துப்போய்விட்டது. எண்ணெய் தேய்க்கலாமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே அவனிடம் சொல்லிவிடு.

அம்மா